கருப்பட்டியின் மெய்ப்புகழ்

நீரிழிவு நோயுடையார் சீனியை விலக்கிக் கருப்பட்டியைக் கொள்ளலாம், அதனால் யாதொரு தீங்கும் இல்லை என்னுங் கொள்கை இக்காலத்து நாடெங்கும் பரவி நிற்கின்றது. நெடுஞ்சாலையோரத்துக் கடைகள் 'கருப்பட்டிக் காப்பி' எனப் பலகை எழுதி, அதன் கீழே 'சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது' என்று ஒரு வரியும் சேர்த்துவிடுகின்றன. ஊருக்கு வரும் பிள்ளைகள் வீட்டு முதியோர்க்கு அன்போடு வாங்கிவருவதும் இதுவே. பனை நாட்டிற் பிறந்து பனையின் பயன்கொண்டு வளர்ந்தோமாதலின், அம்மரத்தின் புகழ் எங்குப் பேசப்படினும் எம் செவி குளிரும். ஆயினும் இப்புகழ் ஒன்றனை மட்டும் யாம் ஒப்புதற்கில்லை. அது மெய்யன்று, மெய்யன்றாதலோடு நோயாளர்க்குக் கேடும் பயப்பது, நெடுங்காலத்திற் பனையேறிக்கும் அஃது உதவாது என்பது எம் கருத்து.

இதனைப் பனையை இகழ்வார் கூற்றாகக் கொள்ளற்க. சேரர்க்குரிய பூவாகிய போந்தை பனையின் பூவன்றோ? நம் முன்னோர் நூல்களைப் பல நூற்றாண்டு தாங்கி நின்றதும் அதன் ஓலையன்றோ? தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையதனைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையதனை மரம் என்றும் வகுத்தலின், இலக்கண நெறியிற் பனை புல்லேயாம். இக்காலத் தாவர நூலாரும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரே பெரும் பிரிவினுள் அடக்குவர். இச்செய்தியை வகுப்பிற் கேட்ட பின்னர்த் தேரிக்காட்டு வழியே செல்லும்போதெல்லாம், நூறடி ஓங்கி நிற்கும் புல்லை அண்ணாந்து நோக்கி வியவாது எம்மாற் செல்ல இயல்வதில்லை.

கருப்பட்டி உண்டாகும் முறையை நகரத்து மாணவருட் பலர் அறியார். ஆண்பனை, பெண்பனை இரண்டும் பாளை ஈனும். வேனிற்காலத்துப் பாளை வெளிப்பட்டவுடன் பனையேறி முருக்குத்தடியை மரத்திற் சார்த்தி, தளைநாரைக் காலிற் பூட்டிக்கொண்டு ஏறுவான். பாளையைக் கடிப்பால் நெரித்துப் பதப்படுத்தி, நாள்தோறும் அதன் நுனியைச் சிறிது சிறிதாகச் சீவி, சொட்டும் சாற்றை ஏந்தக் கலயம் கட்டுவான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்பட்டிருக்கும். சுண்ணாம்பு இல்லையாயின் காற்றிலும் பாளையிலும் உள்ள நுண்ணுயிர்கள் சாற்றிலுள்ள சர்க்கரையைப் புளிக்கச்செய்து கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பின் காரம் அவற்றின் செயலை அடக்கி நிறுத்தும். ஒரு மரத்தின் ஒரே சாறு, விரலளவு சுண்ணாம்பினாற் குழந்தையும் பருகும் பதநீராகவும், அஃதின்மையாற் குடிகெடுக்கும் கள்ளாகவும் ஆகின்றது. இவ்வொன்றை வைத்தே எங்கள் பக்கத்துப் போதகர் பலர் பிரசங்கம் செய்து முடித்துவிடுவர். யாம் அதற்குள் நுழையவில்லை.

மரத்தினின்று இறக்கிய பதநீர் விடிலிக்குச் செல்லும். அங்கே வேலை பெரும்பாலும் பெண்டிருடையது. பதநீரிற் சர்க்கரை ஏறத்தாழ நூற்றுக்கு 12 பங்கே. எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். எனவே ஒரு கிலோ கருப்பட்டி வேண்டின் 8 லிட்டர் அளவு பதநீரை அடுப்பேற்றி, நீர் முழுதும் ஆவியாகும்வரை காய்ச்சுதல் வேண்டும். சித்திரை வெயில் வெளியே, கொப்பரை அனல் உள்ளே. பனையோலைக் கூரையின் கீழ்ப் புகையில் நின்று அத்தாய்மார் துழாவிக்கொண்டே இருப்பர். பொங்கி வழியும்போது ஆமணக்கு முத்தை நசுக்கியிட்டு நுரையை அடக்குவர். பாகு பதம் வந்ததா என்று ஒரு துளியைத் தண்ணீரிலிட்டு உருட்டிப் பார்த்து, பின்னர்ச் சிரட்டைகளில் வார்ப்பர். கருப்பட்டி அரைவட்டமாய் இருத்தற்குக் காரணம் அச்சிரட்டையே. சிறு சில்லுகளாக வார்ப்பதும், சுக்கு முதலியன கூட்டி வார்ப்பதும் உண்டு. பாகினைக் கலயத்திலிட்டு நூல் தொங்கவிட்டுப் பல நாள் அசையாது வைப்பின், நூலைப் பற்றிப் படிகம் படிந்து பனங்கற்கண்டாகும்.

இனி அதன் பயன்களைச் சொல்லப் புகின் ஒரு நாள் போதாது. சுக்கு வெந்நீருக்குக் கருப்பட்டி. பருவமெய்திய பெண்ணுக்குச் செய்யும் உளுந்தங்களிக்குக் கருப்பட்டி. கார்த்திகைக் கொழுக்கட்டைக்குக் கருப்பட்டி. பாடுவார் தொண்டைக்கு மிளகுப் பாலிற் பனங்கற்கண்டு. நாட்டு மருந்துகள் பலவற்றிற்குக் கருப்பட்டியே துணைப்பொருள். கசப்பும் காரமும் உள்ள மருந்தை நாவுக்கு இணங்கச் செய்வது அது. அதன் மணமோ வெள்ளைச் சீனியில் நாடியும் கிடையாதது. சீனிக்கு இனிப்பு ஒன்றே உண்டு. கருப்பட்டிக்கு இனிப்போடு புகையும் மண்ணும் வெயிலும் கலந்த ஒரு சுவை உண்டு. இவை யாவும் மெய். இவற்றை எவரும் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அதன் இயல்பு யாது? கரும்பிலுள்ள சர்க்கரை எதுவோ அதுவே பதநீரிலும் பெரும்பான்மையாக உள்ளது. வேதியியலார் அதனைச் சுக்ரோஸ் என்பர். சிறுகுடலை அடைந்தவுடன் அது குளுக்கோஸ், பிரக்டோஸ் என்னும் இரண்டாகப் பிரிந்து உடலிற் சேர்கின்றது. அக்குளுக்கோஸ் பனையிலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்று இரத்தம் வினவுவதில்லை. ஆலைச் சீனியிற் சுக்ரோஸ் ஒழிந்த பிற பொருள்கள் பெரும்பாலும் நீக்கப்படுகின்றன. கருப்பட்டியிலோ இரும்பு, பொட்டாசியம் முதலிய தாதுக்கள் சிறிதளவு எஞ்சி நிற்கின்றன. வேறுபாடு இவ்வளவே. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நெறிமுறையில், உணவிற் கூட்டப்படும் சர்க்கரை, தேன், பாகு, பழச்சாறு இவற்றால் வரும் இனிப்பனைத்தும் ஒருநாள் உணவின் ஆற்றலிற் பத்தில் ஒரு பங்குக்குக் குறைதல் வேண்டும் என்றும், இருபதில் ஒரு பங்குக்குக் குறையின் இன்னும் நன்று என்றும் கூறிற்று. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பார்க்குப் பத்தில் ஒரு பங்கு என்பது 50 கிராம். கருப்பட்டியும் இக்கணக்கினுள் அடங்குவதே. அதற்கென்று வேறு கணக்கு இல்லை.

எம் உறவின்முறையில் ஒரு மூதாட்டியார் இருந்தார். காலிற் புண் தோன்றி ஆறாது நின்றது. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது இளமருத்துவர், இனிப்பு உண்பதுண்டோ என்று வினவினார். "சீனியத் தொட்டுப் பத்து வருஷமாச்சுய்யா, கருப்பட்டிதான் போட்டுக் குடிக்கேன்" என்று அவர் பெருமிதத்தோடு விடையிறுத்தார். எத்தனை வேளை என்று கேட்டபோது நான்கு வேளை என்றார். வேளைக்கு 15 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் 60 கிராம் ஆயிற்று. அவர் நாவடக்கமில்லாதவர் அல்லர். லெந்து நாற்பது நாளும் இறைச்சி தொடாத நோன்பினர். விலக்கச் சொன்னதை விலக்கினார். விலக்க வேண்டுவது எதுவென்று அவருக்கு எவரும் செம்மையாகச் சொல்லவில்லை. அன்பு மிகுந்த பேரப்பிள்ளைகளே கூடை கூடையாகக் கருப்பட்டி வாங்கி அனுப்பினர். கடைசியில் ஒரு விரலை எடுக்க நேர்ந்தது.

இது தனியொருவர் கதையாயின் எழுதியிரோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுதும் செய்யப்பெற்று 2023-இல் வெளிவந்த ஆய்வு, இந்தியாவில் நீரிழிவுடையார் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 14 பேருக்குக் குறையாமல் இந்நோய் உண்டென்பதும் அவ்வாய்விற் கண்டது. எனவே ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு சபையிலும், கருப்பட்டியை மருந்தென நம்பிப் பருகுவார் சிலரேனும் இருப்பர்.

இங்கே சிலர் தடை நிகழ்த்துவர். நம் பாட்டன்மார் கருப்பட்டியே தின்று வாழ்ந்தனர். அவர்க்கு இந்நோய் இல்லையே என்பர். அவர்கள் வாழ்ந்த வாழ்வை நோக்கல் வேண்டும். நாளொன்றுக்கு முப்பது நாற்பது பனையை இருவேளை ஏறியிறங்கியவனுக்குக் கருப்பட்டி உடலுழைப்பிற்கேற்ற விறகு. நாற்காலியில் அமர்ந்து ஏடு புரட்டும் எம்மனோர்க்கு அதே அளவு விறகு எதற்கு? அன்றியும் அக்காலத்துச் சிற்றூர்களில் இரத்தத்தை அளந்து நோயைக் கண்டார் யார்? நோய் பெயரின்றி வந்து பெயரின்றிக் கொண்டுபோயிற்று என்பதே பொருந்தும். மதுமேகம் என்னும் சொல் நம் பழைய மருத்துவ நூல்களிற் பயின்று வருதலும் நோக்கற்பாலது. நோய் இல்லாத நாட்டில் அதற்குப் பெயர் பிறவாது.

இன்னுஞ் சிலர், இரும்புச்சத்து உண்டே என்பர். உண்டு. ஆயின் நாள்தோறும் வேண்டும் இரும்பைக் கருப்பட்டியினாற் பெறக் கருதுவோன், இரும்போடு எத்துணைச் சர்க்கரையை உடன் விழுங்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பானாக. முருங்கைக்கீரையும் பயறும் அவ்விரும்பைச் சர்க்கரைச் சுமையின்றித் தருகின்றன. உப்பு வாங்குதற்குக் கடலையே விலைக்குக் கேட்பாரை யாம் கண்டதில்லை.

சீனிக்கு மாற்றாகச் செடியினின்று எடுக்கும் இனிப்பே வேண்டும் என்று நோயாளர் வினவின், சர்க்கரையே அல்லாத இனிப்பு ஒன்று உண்டு. சீனித்துளசி என்று தமிழர் அதற்குப் பெயரிட்டனர். துளசி இனத்தோடு அதற்கு உறவில்லை, அது சூரியகாந்திக் குடும்பத்தது. தென்னமெரிக்காவிலே பராகுவே நாட்டுக் குவாரனி மக்கள் அதன் இலையை நெடுங்காலமாகத் தம் பானத்தில் இட்டு வந்தனர். மொயிசேஸ் பெர்த்தோனி என்பார் 1899-இல் அதனைத் தாவர நூல் முறைப்படி விளக்கியெழுதினார். அவ்விலையினின்று பிரித்தெடுத்த பொருள் சீனியினும் இருநூறு முந்நூறு மடங்கு இனிப்பது, குளுக்கோஸை உயர்த்தாதது. இந்தியாவில் 2015-இல் உணவுப்பொருள்களிற் சேர்க்க இசைவு பெற்றது. அதன் பின்கசப்பை நாம் விரும்புவதில்லை என்பது வேறு. ஆயினும் அதனையும் அளவின்றிப் போற்றுதற்கில்லை. உடற்பருமனைக் குறைக்கும் நோக்கத்தோடு இத்தகைய மாற்றினிப்புகளைக் கைக்கொள்ள வேண்டா என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்திற்று. முன்னரே நீரிழிவு உற்றாரை அவ்வறிவுரையினின்று விலக்கிற்று. ஆக, நோயாளர் எதனைக் கொள்வது என்பதை மருத்துவரே அவரவர்க்குச் சொல்லல் வேண்டும். நோயில்லாதார்க்கோ நாவை இனிப்பினின்று சிறிது விலக்கிப் பழக்குவதே நேர்வழி. தேனைக் கண்டால் மட்டாய் உண்ணும்படி நீதிமொழி உரைத்த ஞானி, தேன் இயற்கைப் பொருளாதலின் மிகுதியாக உண்ணலாம் என்று விலக்குக் கொடுத்தாரில்லை.

அங்ஙனமாயிற் கருப்பட்டிக்கு என்ன புகழ் எஞ்சியது என்று வினவலாம். மிகப் பெரிய புகழ் எஞ்சியிருக்கின்றது. அதனை எடுத்துச் சொன்னவர் நம் சமயத்தவரும் நம் நாட்டவருமாகிய ஜே. சி. குமரப்பா. 1892-இல் தஞ்சையிற் பிறந்த அப்பெரியார், 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளராய் அமர்ந்து, காந்தியடிகளோடு பனைவெல்லத் தொழிலைப் பேணி வளர்த்தார். அவர் காட்டிய நியாயம் மருத்துவ நியாயம் அன்று. நிலத்தைப் பற்றிய நியாயம். கரும்பு நல்ல நிலத்தையும் மிகுந்த நீரையும் வேண்டும். பனையோ தரிசிலும் வரப்பிலும் ஏரிக்கரையிலும் மழைநீர் ஒன்றனையே உண்டு வளரும். மக்களுக்கு வேண்டும் இனிப்பைப் பனையினிடத்துப் பெற்றால், கரும்புக்கு விட்ட வயலிற் சோறு விளைவிக்கலாம் என்பது அவர் கண்ட கணக்கு. நீருக்கு நாடே தவிக்கும் இந்நாளில் அக்கணக்கு முன்னினும் வலிமை பெற்று நிற்கின்றது. கரும்பு விதைத்த ஆண்டே வெட்டுக்கு வரும்; பனை பாளை ஈனப் பதினைந்து இருபது ஆண்டு செல்லும். ஆகவே பனையை நடுபவன் தனக்கு நடுவதில்லை. செங்கற் சூளைக்கு இரையாக வெட்டுண்ட வடலிகளும் பனைகளும் எத்தனையோ. மாவட்ட ஆட்சியர் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்று 2021-இல் தமிழ்நாட்டரசு அறிவித்தது நன்று. நட்டு வளர்ப்பார் பெருகினால் அதனினும் நன்று.

அடுத்தது மக்களைப் பற்றிய நியாயம். கால்டுவெல் ஐயர் 1841-இல் வந்து தங்கிய இடையன்குடியும் அதனைச் சூழ்ந்த தேரிநாட்டுச் சபைகளும் பனையை நம்பி வாழ்ந்தவை. எம் போன்றார் பலர் இன்று கல்லூரிப் படியேறியது, எம் முன்னோர் பனையேறியதனால். படியேறியவர் மீண்டும் பனையேற விரும்பார். விரும்ப வேண்டும் என்று அறிவுறுத்த எமக்குத் தகுதியில்லை. தவறி விழுந்து இடுப்பொடிந்து கிடப்பாரை அறியாத பனையூர் இல்லை. எஞ்சியிருக்கும் பனையேறிகளுக்கு அவர் உழைப்பிற்கேற்ற விலை கிடைத்தல் வேண்டும் என்பதே யாம் கேட்பது.

இங்கேதான் பொய்ப்புகழ் கேடு செய்கின்றது. 'நோய்க்கு நல்லது' என்னும் சொல்லைக் கேட்டு ஊரெல்லாம் கருப்பட்டி கேட்கின்றது. பனையோ கேட்டவுடன் பாளை விடுவதில்லை. வேண்டுவோர் மிக, பொருள் குறைய, இடையே சீனி புகுகின்றது. வெள்ளைச் சீனியைக் கரைத்துப் பாகிற் கலந்து, சிரட்டையில் வார்த்துக் கருப்பட்டி என விற்பார் உளர் என்பது மூடுமந்திரம் அன்று. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பன்முறை பிடித்திருக்கின்றனர். சீனி விலையோ மெய்க்கருப்பட்டி விலையிற் சிறு பகுதி. ஆதலின் நேர்மையாகக் காய்ச்சுவோன் சந்தையில் வஞ்சகனோடு விலைப்போட்டி இட்டுத் தோற்கின்றான். நோயாளர் சீனிக்கு அஞ்சிக் கருப்பட்டியை நாடி, மும்மடங்கு நான்மடங்கு விலை கொடுத்து, அச்சீனியையே வாங்கிச் செல்கின்றனர். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இற் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீடு ஊர்ப்பெயரைக் காக்கும்; கொப்பரைக்குள் விழுவதைக் கண்காணிக்க ஆள் வேண்டும். பனைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அப்பணியை ஏற்று, இன்ன விடிலியில் இன்ன நாளிற் காய்ச்சியது என்று பொதிதோறும் எழுதி விற்குமாயின், அதற்கு இன்னும் சிறிது மிகுதியான விலையும் கொடுக்க அன்பர் பலர் உளர்.

எம் விடுதியிலும் கருப்பட்டிக் காப்பி உண்டு. காலையில் அதன் மணம் படிக்கட்டுவரை வரும்; யாம் அதனை விரும்பிப் பருகுவோருட் சேர்ந்தோம், இனியும் பருகுவோம். அங்கும் ஒரு பலகை தொங்குகின்றது; அதிலும் சர்க்கரை நோயாளிகளைப் பற்றிய அந்த வரி உளது. பணியாளருள்ளும் ஆசிரியருள்ளும் அந்நோயுடையார் சிலர் அங்கே வந்து பருகுவதைக் காண்கின்றோம். அவ்வரியை அழித்துவிட்டு, ஒரு குவளைக்கு இத்தனை கிராம் கருப்பட்டி, இன்ன ஊர் விடிலியினின்று வாங்கியது என்று எழுதும்படி விடுதிக் குழுவினரை மாணவர் சார்பில் வேண்டிக்கொள்கின்றோம். சுண்ணாம்புக் கட்டி ஒன்று போதும்; செலவு வேறில்லை.